குரல் எட்டாத தூரம்

அர்ச்சுனன் தன் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தபோது, நான் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு குதிரைக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் குதிரைக்குட்டியா என்றால், ஆமாம். கேஸ் அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் நான்கு குச்சிக் கால்களையும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு நின்றது. பிறந்து நான்கு நாள் ஆன பெட்டைக்குட்டி. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ரப்பர் காம்பு மாட்டி ஆட்டுப்பால் கொடுத்தேன். பாதியை என் நைட்டியில் சிந்தி மீதியைக் குடித்தது. குடித்து முடித்ததும் தன் நெற்றியை என் வயிற்றில் முட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. அதற்குத் தூக்கம் வந்தால் அப்படித்தான் நிற்கும். இந்த நான்கு நாளில் நான் அதனிடம் பேசிய பேச்சு, ஆறு வருஷத்தில் என் கணவரிடம் பேசியதைவிட அதிகம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்கள் லாயத்துக்குள் போகக்கூடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். பெண் வாடைக்கு ஆண்குதிரை மிரளும் என்பார் மாமனார் பஞ்சாட்சரம். உள்ளே சாமி படம் இருக்கிறது என்பார் என் கணவர் கோகுலகிருஷ்ணன். மாமியார் சுந்தரம்மாள் காரணம் எதுவும் சொல்லமாட்டார். கொள்ளு வேகவைத்த அண்டாவைக் கொண்டுபோய் லாயத்துப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார், நாற்பது வருஷமாக. நான் ஆறு வருஷமாக. உள்ளே ஏழு பெட்டைகளும் ஒரு ஆணும் இருக்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குட்டி வாங்கிப் போக எங்கெங்கிருந்தோ வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். குதிரையைத் தொட்டதில்லை. சோற்றில், தலையணையில், கணவரின் கழுத்தில் என்று எங்கும் குதிரை வாசம்தான், ஆனால் குதிரை மட்டும் இல்லை. சிரிக்க வேண்டிய விஷயம்தான், எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நான் கிளம்பிப் போகிறவளாகத்தான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தவள் நான். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். புதன்கிழமையே போய் ஹாஸ்டலில் இடம் பிடிப்பதாக ஏற்பாடு. "போ" என்றார் கணவர். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் பத்து நாள் அந்த வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தோம். பையை அடுக்கி, ஜிப்பை மூடி, கட்டிலடியில் தள்ளியும் வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைனா குட்டி போட்டாள். எங்கள் லாயத்திலேயே நல்ல பெட்டை அவள்தான். குட்டி சுகமாக விழுந்தது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. போளூரிலிருந்து டாக்டர் வந்து சேருவதற்குள் அவள் படுத்துவிட்டாள். உயிர் போய்க்கொண்டிருக்கும்போதே மாமனார் அவள் மடியிலிருந்து சீம்பாலைச் சொம்பில் பீய்ச்சிப் பிடித்தார். அழுதுகொண்டே பீய்ச்சினார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குழி தோண்ட ஜேசிபிக்குப் போன் பண்ணவும், கயிறு தேடவும், ஆள் கூப்பிடவும் ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கணவர் குட்டியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து, "இத கொஞ்சம் புடி" என்று என்னிடம் கொடுத்தார். அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் ஈரம், நடுக்கம். இதயம் என் கைக்குள்ளேயே அடித்தது. நான் புதன்கிழமை போகவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தேன். துண்டால் துடைத்தேன், மடியில் தலை வைக்கவிட்டேன், அதன் பக்கத்திலேயே பாய் விரித்தேன். குளிக்கப் போனால் குளியலறைக் கதவை முட்டியது, துணி காயப்போடப் போனால் கொடிக்கயிறு வரைக்கும் தொடர்ந்து வந்தது. மாமனார் மைனா போன துக்கத்தில் தோப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். கணவர் ஊர் ஊராகப் போன் செய்து பால் கறக்கும் பெட்டை தேடினார். வெள்ளிக்கிழமை குட்டிக்குக் கழிச்சல் பிடித்தது. தண்ணீராகப் போனது. அன்று மாலையே விலா எலும்பைத் தொட்டு எண்ணலாம் போல் ஆகிவிட்டது. "ஆட்டுப்பால் ஒத்துக்கலை. குதிரைப்பால் கிடைச்சா பொழைக்கும். இல்லன்னா ரெண்டு நாள், மூணு நாள்" என்றார் டாக்டர். அதைப் போனில் சொன்னார் என்பதால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. நேரில் சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

மறுநாள்தான் அர்ச்சுனன் கிடைத்தார். மலைக்கு மேலே சாலை போகாத ஊர். சாமையும் புளியும் மூட்டை கட்டி, மட்டக்குதிரை மேல் ஏற்றிக் கொண்டுவந்து சாலையில் சேர்க்கிறவர்.

"எங்க குட்டிய பாம்பு கடிச்சிடுச்சிண்ணா" என்றார் மாமனாரிடம். "மூணு நாளாச்சு. இது மடி கனத்துப் போயி அழுவுது. பீச்சி பீச்சி தரையில உடறோம், மனசு கேக்கல. உங்க குட்டிக்கு ஆவட்டும்னு ஓட்டியாந்துட்டேன்."

செவலை நிறம், குட்டையான கால்கள், முதுகில் மூட்டைத் தழும்பு. எங்கள் குதிரைகளுக்கு முன்னால் நிறுத்தினால் யாரும் அதைக் குதிரை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் மடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

செவலையை லாயத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினார்கள். அந்நியக் குட்டியின் வாடை தெரியக்கூடாது என்று அதன் மூக்கில் தைலம் தடவினார் மாமனார். செவலை தும்மியது, காதை மடக்கியது, அப்புறம் நின்றது. நாங்கள் பயந்தது செவலை குட்டியை உதைக்கும் என்றுதான். அது உதைக்கவில்லை. கணவர் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மடியருகில் நிறுத்தினார். குட்டி மடியைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தது. படியில் நான் நின்றிருந்தேன். தடுமாறிக்கொண்டு ஓடிவந்து நெற்றியை என் வயிற்றில் முட்டியது.

மறுபடி கொண்டுபோனார்கள். மறுபடி ஓடிவந்தது. மூன்றாவது தடவை அர்ச்சுனன் அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மாமனார் காம்பை அதன் வாயில் வைத்துப் பீய்ச்சினார். பால் வாயோரமாக வழிந்தது. ஒரு சொட்டும் விழுங்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தியது. குதிரைக்குட்டி அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?"

"இன்னா மாமா பண்ணேன்?"

"தாயில்லாக் குட்டிக்கு மூஞ்சியே காட்டக் கூடாதும்மா. பக்கெட்டுல பால ஊத்தி மாட்டிட்டு ஒதுங்கிக்கணும். பேசக் கூடாது. தடவக் கூடாது. நீதான் அதுக்குத் தாயின்னு நெனச்சிக்கிச்சி. இனிமே அது இன்னொரு மடி தேடுமா?"

"யாருமே எங்கிட்ட சொல்லலியே."

"குதிர இருக்கற வூட்ல இது தெரியாதா?"

"எப்டி மாமா தெரியும்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும் என்று விட்டேன். "ஆறு வருசத்துல இந்தப் படி தாண்டி ஒரு காலு வெச்சிருக்கனா? இப்பவும் படியிலதான நிக்கறேன்?"

அர்ச்சுனன் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார், தன் அப்பாவைப் பார்த்தார், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். எனக்கு ஒருவேளை அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. உள்ளுக்குள் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. அந்தக் குட்டிக்கு என்னைத்தான் வேண்டும். இந்த வீட்டில் ஓர் உயிர் என்னைத் தவிர வேறு யாரையும் வேண்டாம் என்கிறது. அந்தச் சந்தோஷத்தால்தான் அது சாகப்போகிறது என்பதும் அதே நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. "ராத்திரி போட்டிருந்த நைட்டி எங்க?" என்று கேட்டார். குளியலறை வாளியில் கிடக்கிறது, பால் கொட்டி நாறுகிறது என்றேன். "நாறட்டும்" என்று போய் எடுத்து வந்தார். மஞ்சள் பூப்போட்ட நைட்டி. கத்தரிக்கோலால் அதன் முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நறுக்கினார். அப்புறம், மருமகளான நான் பார்த்துக்கொண்டிருக்க, மாமனார் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வருவதற்குள், சுந்தரம்மாள் அந்தப் படியைத் தாண்டி லாயத்துக்குள் போனார். எந்தக் குதிரையும் மிரளவில்லை. செவலையின் முதுகில் நைட்டியைப் போர்த்தி, கைகள் இரண்டையும் அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டார். நாற்பது வருஷமாகத் தினமும் அந்த வேலையே செய்தவர் மாதிரி இருந்தது.

"இவ வாட அது மேல இருக்கட்டும்" என்றார் தன் மகனிடம். "இவ இங்க இருக்கக் கூடாது. மூஞ்சியும் தெரியக் கூடாது, கொரலும் கேக்கக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "வேலூருக்குத்தான போணும்னு நின்ன? போ."

அது கோபமா, என்மேல் பொறாமையா, அல்லது எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

கொல்லை வழியாக, கரும்பு வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்தேன். குட்டியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்வதுதான் ஆகாது என்று ஆகிவிட்டதே. கணவர் சத்தம் வராமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, பாலம் தாண்டித்தான் ஸ்டார்ட் செய்தார். போளூருக்கு ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் குதிரையை யார் பார்ப்பது என்று கேட்கிற மனிதர், அன்றைக்கு என் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில், "ஒரு வாரத்துக்கு வராத" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாகக் கிளம்பியிருந்தால் அது வேறு. அந்தக் கிளம்பலுக்காக எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன், எப்படி நடப்பேன், திரும்பிப் பார்க்கமாட்டேன் என்றெல்லாம். கடைசியில் நீ இருந்தால் செத்துப்போகும் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போன் செய்தார். எடுத்தவுடன், "குடிச்சுதா?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஏதோ பக்கெட் உருண்டது. "ஐயய்யோ" என்றார் மாமனார். போன் அணைந்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கணவர் வெளியே வந்து கூப்பிட்டார். இரண்டு கையும் வேலையாக இருக்கிறது என்று போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அப்போதுதான் முதல்முறையாகக் குட்டி மடியில் வாய் வைத்திருக்கிறது. என் குரல் கேட்டதும் மடியை விட்டுவிட்டுச் சுவர் சுவராக முட்டித் தேடியிருக்கிறது.

"இனிமே போன் வேணாம் கலை. மெசேஜ் அனுப்பறேன்" என்றார்.

"சரி" என்றேன், ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, ரகசியம் பேசுகிற குரலில். வேலூரில் எந்தக் குதிரைக்குக் கேட்கப்போகிறது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஊசி குத்தவும் குழாய்களில் பெயர் ஒட்டவும் கை மறக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பு தானாக எழுந்துகொண்டது. எட்டு, பத்து, பன்னிரண்டு. யாருடைய கையிலோ பட்டை கட்டி நரம்பு தேடிக்கொண்டிருப்பேன், மணி பார்க்காமலே தெரியும், இப்போது பால் நேரம். மெசேஜ் வரும். "கொஞ்சம் குடிச்சுது." "கழிச்சல் நிக்கல." "துணிய மோந்து பாத்துட்டே நிக்குது." "அம்மா உள்ளதான் படுத்துக்கறாங்க." செவ்வாய்க்கிழமை மத்தியானம், "பரவால்ல" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. நான் அனுப்பியது எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. மலையடிவாரத்தில் சிக்னல் போவது புதிதில்லை. ஆனால் பரவாயில்லை என்றால் என்ன பரவாயில்லை? குடிக்கிறது என்றா, போனால் போகிறது என்றா? அந்த மனிதருக்கு ஒரு வாக்கியத்தை முழுசாக எழுத வராது.

புதன்கிழமை காலை சீனியர் சசிகலாவிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"சேர்ந்த மூணாவது நாளே லீவா? இன்னா விஷயம்?"

"வூட்ல உடம்பு சரியில்ல மேடம்."

"யாருக்கு?"

"கொழந்தைக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"போய்ட்டு வாம்மா. நாளைக்கி வந்துடணும்" என்றார்.

போளூரில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, எங்கள் ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினேன். திட்டம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறங்க வேண்டும், சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும், வாய் திறக்காமல் ஒரு தரம் பார்க்க வேண்டும், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். இருக்கிறதா இல்லையா, அது மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் மனசு திட்டத்துக்குள் நிற்கவில்லை. ஓடிப்போய் அள்ளிக்கொள்வதாகப் பார்த்தது. வேலி காலியாக இருப்பதாகப் பார்த்தது. ஜேசிபி தடம் புதிதாக இருப்பதாகப் பார்த்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை துரு வாசம் அடித்தது.

ஸ்டாப்பில் மூன்று பேர் இறங்க எழுந்தார்கள். நானும் பாதி எழுந்தேன். அங்கிருந்து எங்கள் வேலி இருபதடிதான். வேலிக்குள் செவலை நின்றிருந்தது. மஞ்சள் பூப்போட்ட நைட்டி அழுக்கேறிக் கிழிந்து அதன் முதுகில் தொங்கியது. பக்கத்தில் மாமியார் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் மாமனாரின் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. செவலையின் வயிற்றுக்குக் கீழே, எங்கள் பெரிய ஜாதிக் குட்டி அந்தக் குட்டை மடிக்கு எட்டுவதற்காக முன்னங்கால்களை அகட்டிக் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. குடிக்கும்போது மட்டும் ஆடுகிற ஆட்டம். உயிரோடு இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் குடித்துக்கொண்டிருந்தது.

மாமியார் பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னலில் என்னையும் பார்த்துவிட்டார். கையைத் தூக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. கயிற்றைப் பிடித்த கையை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"ஏம்மா, நீ கேட்ட ஸ்டாப்பு இதான. எறங்கு, எறங்கு" என்றார் கண்டக்டர்.

அவர் குரலுக்குக் குட்டியின் வால் நின்றது. மடியிலிருந்து வாயை எடுத்தது. பால் நுரை மீசையோடு தலையைத் தூக்கி, இரண்டு காதையும் பஸ் பக்கம் திருப்பியது. நான் படிக்குப் போக வேண்டிய வழியில், சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நின்றேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஏய் என்று ஒரு சத்தம் போதும், அந்த நான்கு நாளும் நான் அதைக் கூப்பிட்ட பெயர் அதுதான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எறங்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எங்க போற? மேலயா?"

ஒரு கையை மட்டும் எடுத்து மலைப் பக்கம் காட்டினேன்.

விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. வேலி, செவலை, மஞ்சள் நைட்டி எல்லாம் ஜன்னலில் பின்பக்கமாகப் போயின. குட்டி இன்னும் தலையைத் தூக்கியபடியே நின்றது. அது திரும்பவும் குனிந்ததா என்று பார்ப்பதற்குள் சாலை வளைந்து புளியமரங்கள் மறைத்துவிட்டன.

கண்டக்டர் மிஷினோடு பக்கத்தில் வந்து நின்றார். "நடுவுல எறங்கணுமா, ஜமுனாமரத்தூரா? சொன்னாத்தானம்மா டிக்கெட் போடுவேன். ஏறும்போது நல்லாத்தான பேசின?"

நான் ரூபாய்த்தாளை நீட்டினேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, கடைசி ஊருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மேலே எனக்கு யாரும் இல்லை. பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவு திரும்பும்போதும் என் கை வாயின் மேல்தான் இருந்தது.